பதினாறு வாரக் கணக்கு: தருமபுரி மாவட்டத்தில் நாய்க்குட்டி வளர்ப்பு

முதன்முறையாக நாய் வளர்க்க முனைவோர் எழுப்பும் கேள்வி பெரும்பாலும் இனத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. லாப்ரடார் வாங்குவதா, ராஜபாளையம் வாங்குவதா, தெருவில் ஈன்ற நாட்டுக் குட்டியையே எடுத்து வளர்ப்பதா என்பதிலேயே வீட்டாரின் பேச்சு முழுவதும் செலவாகிவிடுகிறது. கால்நடை மருத்துவமும் விலங்கு நடத்தையியலும் கடந்த நூறாண்டுகளில் சேர்த்துவைத்துள்ள அறிவை ஒருசேர நோக்கினால், இனத்தைவிட வயதே முதன்மையான கேள்வி என்பது தெளிவாகிறது. குட்டி எத்தனை வாரத்தில் தாயைப் பிரிந்தது, எத்தனை வாரத்தில் மனிதரைப் பழகியது, எந்த வாரத்தில் தடுப்பூசி பெற்றது, எலும்பு வளரும் வாரங்களில் எதைத் தின்றது என்பனவே அதன் பிற்காலத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. இவை அனைத்தும் பிறப்பு முதல் ஏறத்தாழ பதினாறாம் வாரம் வரையிலான குறுகிய காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. கேழ்வரகுக் களியும் புளியும் மாம்பழமும் மிகுந்த, ஆட்டுப்பட்டிகளும் காப்புக்காடுகளும் ஊரை ஒட்டிக் கிடக்கும் தருமபுரி மாவட்டத்தில் அக்கணக்கு எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாய் இந்நிலத்துக்குப் புதிய உயிரன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களும் நடுகற்கள் மிகுந்த பகுதி. அரூருக்குக் கிழக்கே, செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் கிடைத்த நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் அக்கல் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் இருந்ததும், அப்பெயர் அரசனின் ஆட்சியாண்டோடு சேர்த்துக் கல்லில் வெட்டப்பட்டதும் சாதாரணச் செய்தியல்ல. ஆயினும் அந்த மரபு பட்டிக் காவல் நாயின் மரபு என்பதை மறந்துவிடலாகாது. பட்டியில் பிறந்த குட்டி தாயுடனேயே இருந்து, ஆட்டையும் மாட்டையும் அயலாரையும் பிள்ளைகளையும் நாள்தோறும் கண்டும் மோந்தும் வளர்ந்ததால், அதனை யாரும் தனியே பழக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட்டு, இரும்புக் கதவுக்குப் பின்னே சங்கிலியில் கட்டப்படும் குட்டிக்கு அந்தச் சூழல் வாய்ப்பதில்லை. நாயின் தன்மை மாறவில்லை, அது வளரும் இடம் மாறிவிட்டது. முதன்முறை வளர்ப்போர் சந்திக்கும் தொல்லைகளில் பாதி இதிலிருந்தே தொடங்குகிறது.

இனத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடலாம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைவனம் பதிவுசெய்துள்ள இந்திய நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தமிழகத்துக்குரியவை. கன்னியும் கோம்பையும் தென்மாவட்டங்களில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. இவற்றுள் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கென உருவானவை என்பதால், ஓட இடமில்லாத நகர வீட்டில் அவற்றை வளர்ப்பது நாய்க்கும் வீட்டாருக்கும் துன்பமாகவே முடியும். வெள்ளை நிற ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு காணப்படுவதால், குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. பனிநாட்டு இனங்களான ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் சித்திரை, வைகாசி வெயிலில் படும்பாடு வெளிப்படையானது. தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை இத்தகைய சில இனங்களின் பெருக்கத்தைத் தடுக்க முற்பட்டது, அக்கொள்கை உயர் நீதிமன்றத்தில் வழக்குக்கும் உள்ளானது. வழக்கின் போக்கு எதுவாயினும், மூக்குச் சப்பையான பக் போன்ற நாய்களும் அடர்ந்த மயிருடைய நாய்களும் இம்மாவட்டக் கோடைக்கு ஏற்றவையல்ல. நாய் வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்வதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூச்சுப்பாதை குறுகிய நாய்க்கு அந்த ஒரு வழியும் அடைபட்டுவிடுகிறது. நாட்டுக் குட்டிக்கு இத்தொல்லைகள் எவையும் இல்லை, விலையும் இல்லை. முதன்முறை வளர்ப்போருக்கு அதுவே ஏற்றது என்று கூறுவதில் தயக்கம் கொள்ள வேண்டியதில்லை.

குட்டியை எப்போது கொண்டுவருவது என்பதே கனமான கேள்வி. கண் திறந்து, தத்தித்தத்தி நடந்து, சோற்றை நக்கத் தொடங்கியதும் குட்டியைப் பிரித்துக் கொடுத்துவிடுவது ஊர்ப்புறங்களில் காணப்படும் பழக்கம், அப்போது அதற்கு ஒரு மாதமே ஆகியிருக்கும். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதைத் தடைசெய்கின்றன. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும், பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை ஈனவைக்கக் கூடாது என்றும், ஒரு பெட்டையை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஈனவைக்கக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ குட்டி வாங்குவோர் பதிவு எண்ணையும் தடுப்பூசிக் குறிப்பேட்டையும் கேட்டுப் பெறுவதோடு, தாய் நாயை நேரில் காட்டச் சொல்லவும் வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதிருப்பதே அறிவுடைமை. எலும்பும் தோலுமாகக் கிடக்கும் தாயையோ, ஆளைக் கண்டு ஒடுங்கும் தாயையோ கண்டால், குட்டியின் எதிர்காலத்தைப் பற்றி விற்பவர் கூறாததையெல்லாம் அத்தாயே கூறிவிடும்.

எட்டு வாரம் என்ற எல்லை வெறும் சட்ட வழக்கன்று. ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை குட்டி தன் உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் உறுமும். கடியை அடக்கும் இந்தப் பழக்கத்தைக் கற்காமல் முப்பது நாளில் வந்துவிட்ட குட்டி, பிள்ளைகளின் கையையும் பாவாடையையும் பற்றி இழுப்பதை விளையாட்டாகவே தொடர்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இருவரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வுகள் 1965-இல் நூலாக வெளிவந்தன. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாய்க்குட்டி மனிதரோடு உறவுகொள்ளும் பருவம் என்பதை அவை நிலைநாட்டின. அதே ஆய்வகத்தைச் சார்ந்து 1961-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மனித முகமே காணாமல் வேலியிட்ட வெளியில் பதினான்கு வாரம் வரை வளர்ந்த குட்டிகள், பின்னர் எவ்வளவு முயன்றும் ஆளை அண்டாமல் காட்டு விலங்குகளைப் போலவே ஒதுங்கி நின்றன. இந்தப் பழகுபருவம் மூடிவிட்டால் அதனை முழுமையாகத் திறக்க இயலாது. ஆகவே எட்டாம் வாரத்தில் வீட்டுக்கு வரும் குட்டிக்கு எஞ்சியிருப்பது நான்கைந்து வாரங்களே. தலைப்பாகை கட்டியவர், தலைக்கவசம் அணிந்தவர், கைத்தடி ஊன்றியவர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், டிராக்டர் ஓசை, ஆடு, கோழி, பம்பை மேளம், வாணவெடி என அது வாழ்நாள் முழுதும் காண வேண்டியவற்றையெல்லாம் அந்த வாரங்களுக்குள், அச்சமூட்டாத தொலைவில் வைத்து, தின்பண்டம் கொடுத்துக் காட்டிவிட வேண்டும்.

இங்கேதான் முதன்முறை வளர்ப்போரைக் குழப்பும் முரண்பாடு ஒன்று எழுகிறது. பழக வேண்டிய அதே வாரங்கள்தாம் குட்டி நோய்க்கு எளிதில் இரையாகும் வாரங்களும் ஆகும். ஈன்ற முதல் நாளில் குடித்த சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் புரதங்கள் குட்டியைச் சில வாரங்கள் காக்கின்றன, அதே புரதங்கள் தடுப்பூசி மருந்தையும் பகையாகக் கருதி முறியடித்துவிடுகின்றன. அவை நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்தும், தடுப்பூசியைக் கெடுக்கப் போதுமான அளவுக்கு எஞ்சியும் நிற்கும் ஓர் இடைவெளிக் காலம் ஒவ்வொரு குட்டிக்கும் உண்டு. அது எந்த வாரத்தில் வரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுகிறது. ஒரே ஊசியோடு நிறுத்தாமல், ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை என்று பதினாறாம் வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வதற்குக் காரணம் இதுவே. மூன்று ஊசி போட்டால்தான் மருந்து ஏறும் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் தாயின் புரதம் மறைந்த பிறகு விழும் ஊசிதான் வேலைசெய்கிறது, அது எந்த ஊசி என்று முன்கூட்டி அறிய முடியாததால்தான் பல ஊசிகள் தேவைப்படுகின்றன. பதினாறாம் வாரத்துக்குரிய ஊசியைத் தவறவிடுவது, முன்னர் போட்டவற்றையெல்லாம் வீணாக்கிவிடக்கூடும்.

வழக்கில் நைன் இன் ஒன் என்றும் செவன் இன் ஒன் என்றும் அழைக்கப்படும் இந்தச் சேர்ப்புத் தடுப்பூசி டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் முதலிய நோய்களைத் தடுக்கிறது. இவற்றுள் பார்வோவே குட்டிகளை மிகுதியாகக் கொல்வது. 1978-இல் உலகின் பல நாடுகளில் ஒரே நேரத்தில் வெடித்த இவ்வைரஸ் 1980-களின் தொடக்கத்திலேயே இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. வாந்தி, துர்நாற்றத்தோடு கூடிய இரத்தக் கழிச்சல், உணவு வெறுத்துச் சுருண்டு படுத்தல் என்று அது தொடங்கும்போது, ஓமத் தண்ணீரும் மோரும் கொடுத்து ஒரு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பது குட்டியை இழப்பதற்கு நிகர். உடனடியாக நரம்பு வழியே திரவம் செலுத்தப்பட்ட குட்டிகள் பலவும் பிழைக்கின்றன. இவ்வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும் என்பதால், ஒரு குட்டி இறந்த வீட்டில் அடுத்த குட்டியைக் கொண்டுவரும் முன் தரையை வெளுப்பு மருந்துக் கரைசலால் கழுவ வேண்டும், மண்தரையாயின் தடுப்பூசி முற்றும் பெற்ற குட்டியையே கொண்டுவர வேண்டும். பழக்குவதற்கும் நோய்க்கும் இடையிலான முரண்பாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-இல் வெளியிட்ட நிலைப்பாடு இன்றும் ஏற்கப்படுகிறது. முதல் ஊசிக்கு ஒரு வாரத்துக்குப் பின், ஊசித் தொடர் முடியும்வரை காத்திராமல், குட்டியைப் பழக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பதே அது. தெருநாய்கள் கழியும் இடத்தில் இறக்கிவிடாமல், இடுப்பில் தூக்கியோ வண்டியில் அமர்த்தியோ பேருந்து நிலையத்தையும் சந்தையையும் காட்டிவருவதற்கு எத்தடையும் இல்லை. தடுப்பு மருந்தை வெளியூர்க் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து தாமே குத்திவிடுவோரும் உளர். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே காக்கப்பட வேண்டிய மருந்து வெயிலில் இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்த பின் அதில் எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே.

வெறிநோயைத் தனியே பேச வேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியர் என்றும் உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகக் கணித்துவந்துள்ளது. கடிபடுவோரில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். குறி தோன்றிவிட்டால் மருந்தே இல்லை எனலாம், குறி தோன்றுமுன் ஊசி போட்டுக்கொண்டால் இறக்க வேண்டியதே இல்லை. இவ்வளவு முழுமையாகத் தடுக்கக்கூடிய நோய் இவ்வளவு முழுமையாகக் கொல்வது மருத்துவத்தில் அரிது. நாய்க்குட்டிக்குப் பன்னிரண்டாம் வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் குறிக்கும் நாளில் ஊக்க ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட வேண்டும். லூயி பாஸ்டர் 1885-இல் ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு முதல் ஊசி போட்ட ஜூலை 6 விலங்குவழி நோய் நாளாகவும், அவர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகவும் கொண்டாடப்படுவதால், அந்நாள்களை ஒட்டிக் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் முகாம்களில் இலவசமாகவே ஊசி கிடைப்பதுண்டு.

குட்டிக்கு வெறிநோய் வராது என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருப்பது மிகக் கேடானது. மூன்று மாதம் நிறையாத குட்டிக்கும் இந்நோய் வருகிறது. தெருவிலிருந்து பிள்ளைகள் தூக்கிவரும் குட்டியின் தாய் எதனால் கடிபட்டது என்பது யாருக்கும் தெரியாது. பால்பல் கீறியதை ஒரு கடியாகவே யாரும் எண்ணுவதில்லை என்பதால், அதனை வீட்டில் சொல்லாமலே பிள்ளைகள் விட்டுவிடுகின்றனர். குட்டியின் பல்லோ நகமோ தோலைக் கிழித்தால், அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்குக் கட்டணம் இல்லை. இரத்தம் கசியும் காயத்துக்கு ஊசித் தொடரோடு, காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புப் புரதமும் தேவை, அதனைக் கேட்டுப் பெறுவது கடிபட்டவரின் உரிமை. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எருக்கம்பால் முதலியவற்றைக் காயத்தில் வைப்பது வைரஸை உள்ளே தள்ளுமே ஒழியக் கொல்லாது. கடித்த குட்டியைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பது நல்ல வழக்கமே, ஆனால் அது ஊசியைத் தள்ளிப்போடுவதற்கான காரணமாகிவிடக் கூடாது.

குடற்புழுவைப் பற்றிச் சில சொற்கள் போதும். உருண்டைப்புழு தாயின் கருவிலேயே குட்டிக்குள் சென்றுவிடுகிறது, கொக்கிப்புழு தாய்ப்பாலில் வருகிறது. எனவே வயிறு உப்பிய குட்டி நன்றாகத் தின்னும் குட்டி என்பது தவறான கணிப்பு. இரண்டாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். நாயின் உருண்டைப்புழு முட்டை பிள்ளைகளின் வயிற்றுக்குள் சென்றால் அதன் இளம்புழு கல்லீரலுக்கும், சில வேளைகளில் கண்ணுக்கும் சென்று பார்வையைக் கெடுப்பதால், இது நாய்க்கான செலவு மட்டுமன்று.

உணவைப் பொறுத்தவரை இம்மாவட்டத்துக்கென்றே ஒரு கேள்வி உண்டு. களி தின்று வளர்ந்த நாய்கள் இங்கு எண்ணற்றவை, களியே போதுமா என்பதே அக்கேள்வி. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, ஓநாயிடம் இரண்டு படிகளாக மட்டுமே உள்ள மாவுச்சத்துச் செரிமான மரபணு நாயிடம் நான்கு முதல் முப்பது படிகள்வரை பெருகியிருக்கிறது. உழவர் வீட்டு எச்சத்தைத் தின்று நாயான விலங்கு அது. ஆகவே நாய்க்குத் தானியம் ஆகாது என்று கூறும் புதிய விளம்பரங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வளர்ந்த நாய்க்குச் செரிப்பது ஒன்று, வளரும் குட்டிக்குப் போதுவது மற்றொன்று. கேழ்வரகு மாவில் நூறு கிராமுக்கு ஏழு கிராம் அளவே புரதம் உண்டு. வளரும் குட்டியின் உணவிலோ, நீர் நீக்கிய எடையில் குறைந்தது 22.5 விழுக்காடு புரதம் தேவை என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்கத் தீவனத் தர அளவு. கேழ்வரகின் பெருமையான சுண்ணாம்புச் சத்தும் இங்கே கைகொடுப்பதில்லை. நூறு கிராமில் 340 முதல் 360 மில்லிகிராம் என்பது மனிதருக்கு மிகுதி. குட்டிக்கு வேண்டிய அளவு 1.2 விழுக்காடு, அதாவது நூறு கிராமுக்கு 1,200 மில்லிகிராம் என்பதால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கேழ்வரகு தருகிறது. தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் அதிலும் ஒரு பகுதியைப் பிணைத்துவிடுகிறது.

கஞ்சியால் வளர்ந்த நாய்க்குட்டிகள்தாம் மனித மருத்துவத்துக்கே ஒரு திருப்பத்தைத் தந்தவை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இலண்டனில் எட்வர்டு மெலன்பி, ஓட்ஸ் முதலான தானியங்களையும் பாலையும் மட்டுமே கொடுத்து, வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்த்த குட்டிகளுக்குக் கணைநோய் என்னும் எலும்பு வளைவு நோய் வருவதையும், மீன் எண்ணெய் கொடுத்தால் அது வராததையும் கண்டு 1919-இல் வெளியிட்டார். பின்னர் வைட்டமின் டி எனப் பெயர் பெற்ற சத்து அந்த எண்ணெயில் இருந்தது. நாயின் தோல் வெயிலிலிருந்து இச்சத்தைப் போதிய அளவு உருவாக்குவதில்லை என்பது 1990-களில் உறுதியாயிற்று. தருமபுரி வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அக்குறை நீங்காது, உணவிலிருந்தே அது வந்தாக வேண்டும். முன்னங்கால்கள் வில்லாக வளைந்து, மணிக்கட்டு வீங்கி நிற்கும் குட்டிகளை இம்மாவட்டத் தெருக்களில் காண்போர் மெலன்பியின் ஆய்வையே காண்கின்றனர். இதன் பொருள் களியைக் கைவிட வேண்டும் என்பதன்று. களியோடு நாள்தோறும் வேகவைத்த முட்டை, கோழிக் கழிவிலிருந்து பிரித்த ஈரல், முள் நீக்கிய மத்தி போன்ற மீன் ஆகியவற்றைச் சேர்த்து, வெந்த முட்டையோட்டுப் பொடியின் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கலந்தால், வீட்டுணவே பெரிதும் நிறைவடைந்துவிடும். கணக்குப் பார்க்க நேரமில்லாதோர் குட்டிகளுக்கென விற்கும் உலர் தீவனத்தைப் பாதியாகச் சேர்க்கலாம். மாறாக, லாப்ரடார், ராட்வீலர் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குத் தீவனத்தின்மேல் சுண்ணாம்புச் சத்து டானிக்கையும் ஊற்றுவது தீங்கானது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள், மிகையான சுண்ணாம்பும் எலும்பைக் கோணலாக்குவதைக் காட்டியுள்ளன.

பசும்பால் பெரும்பாலோர் நினைப்பதுபோல் குட்டிக்குத் தாய்ப்பாலின் மாற்றன்று. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இருமடங்குக்கும் மேல், பால்சர்க்கரையோ குறைவு. எனவே பசும்பாலே உணவாகும்போது குட்டி மெலிகிறது, கழிகிறது. தயிரும் மோரும் இத்தொல்லையைக் குறைவாகவே தருகின்றன. மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பின் இருவேளை என்பது போதுமான ஒழுங்கு. ஆகாதவற்றுள் வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை ஆகியவை பலரும் அறிந்தவை. இப்பட்டியலில் புளியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021 முதல் அமெரிக்க நஞ்சியலாளர்கள் எடுத்துக்காட்டி வருகின்றனர். அதே அமிலம் மிகுந்த புளியைத் தின்ற நாய்களிலும் சிறுநீரகச் செயலிழப்பு பதிவாகியுள்ளது. புளி உடைத்துக் கொட்டை நீக்கும் வேலை நடக்கும் வீடுகளில், இனிப்புப் புளிப்பாக இருக்கும் பழப்புளியைக் குட்டி மெல்லாதவாறு பார்த்துக்கொள்வது தேவை, புளிக்குழம்புச் சோற்றை நாள்தோறும் வைப்பதும் நன்றன்று. ஆனி மாதத்தில் தோட்டமெங்கும் கிடக்கும் மாங்கொட்டை குடலை அடைப்பதும், வெந்த கோழி எலும்பு குத்திக் கிழிப்பதும் மருத்துவர்களுக்குப் பழகிய செய்திகள்.

உண்ணியைக் கண்டால் கையால் நசுக்காமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய நுண்ணுயிர்கள் காய்ச்சலையும், மூக்கிலிருந்து இரத்தம் வடிவதையும், சோகையையும் உண்டாக்குகின்றன. காலத்தில் கண்டால் மருந்துக்கு அடங்குபவை அவை. வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை நீரில் கலந்து குட்டியைக் குளிப்பாட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அதனால் உண்ணியோடு குட்டியும் இறப்பதுண்டு. எடைக்கேற்ற மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பெறுவதே வழி.

பழக்கத்தில் முதன்முறை வளர்ப்போர் செய்யும் பெரும்பிழை சங்கிலி. கடிக்கும் நாயாக வேண்டுமெனில் குட்டியிலிருந்தே கட்டிப்போட வேண்டும் என்று கூறுவோர் உண்மையையே கூறுகின்றனர், ஆனால் அது யாரைக் கடிக்கும் என்பதை அவர்கள் கூறுவதில்லை. அச்சமும் சலிப்பும் மிகுந்த நாய் கள்வனுக்கும் பேரப்பிள்ளைக்கும் வேற்றுமை காண்பதில்லை. இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது. உறங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கொண்டுசென்று, அங்கே கழித்த நொடியிலேயே தின்பண்டம் கொடுத்தால் சில வாரங்களில் அது பழகிவிடும். வீட்டுக்குள் கழித்ததன்மேல் மூக்கைத் தேய்த்து அடிப்பதால், ஆள் பார்க்கக் கழிக்கக் கூடாது என்பதை மட்டுமே அது கற்கிறது. முதல் சில இரவுகளில் அது அழுவது பிடிவாதமல்ல. வாழ்நாளில் முதன்முறையாகத் தனியே படுக்கும் உயிர் அது, ஆள் படுக்குமிடத்துக்கு அருகே சாக்கு விரித்துப் படுக்கவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும்போது செருப்பும் கட்டில் காலும் கடிபடும், அதற்கு மாட்டுத்தோல் எலும்பையோ ஈரத்துணி முடிச்சையோ கொடுப்பதே மருந்து.

ஆறு மாதத்துக்குப் பின் எழும் கேள்வி கருத்தடை. பெட்டைக் குட்டி பிறந்தால் ஊர் எல்லையில் விட்டுவிடும் வழக்கத்துக்கும், தெருவில் நாய் பெருகிவிட்டது என்ற புலம்பலுக்கும் உள்ள தொடர்பை அதிகம் பேர் பேசுவதில்லை. முதல் பருவத்துக்கு முன்பே கருப்பை நீக்கினால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு மிகக் குறையும் என்று 1969-இல் வெளியான ஆய்வு கூறியது. பின்வந்த மதிப்பீடுகள் அதன் சான்று வலுவற்றது என்கின்றன. கருப்பைச் சீழ் நோயை அது தடுக்கும் என்பதில் மாத்திரம் ஐயமில்லை. பெரிய இனங்களில் ஓராண்டுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு மிகுவதாகக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டுவதால், அவற்றுக்குச் சற்றுக் காத்திருக்கலாம். நாட்டு நாய்க்குக் காத்திருக்கக் காரணமில்லை. கட்டின்றி அலையும் நாய்களிடையே இணைவழிப் பரவும் பிறப்புறுப்புப் புற்றுக்கட்டி இந்தியாவில் மிகுதி, அறுவை செய்துகொண்ட நாய் அலைவதும் குறைகிறது.

பென்னாகரம் முதலான காட்டோர வட்டாரங்களில் வளர்ப்போருக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காப்புக்காடுகளை இணைத்து 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, அதன் பரப்பு ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர். கட்டவிழ்த்த நாய் முயலை விரட்டினால் அது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வளர்ப்பவரின் குற்றமாகவே முடியும். இரவில் முற்றத்தில் கட்டிய குட்டி சிறுத்தைக்கு எளிய இரை என்பதால், காட்டோர வீடுகளில் அதனைக் கதவுள்ள கொட்டகைக்குள் அடைப்பது நாயை மட்டுமன்றி, நாயைத் தேடி ஊருக்குள் வரும் சிறுத்தையையும் காக்கிறது. நாய்க்கு வரும் நோய் காட்டு விலங்குகளையும் தாக்கக்கூடியது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994-இல் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றதும், 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்றதும், குட்டிக்குப் போடும் சேர்ப்புத் தடுப்பூசியில் முதற்பெயராக நிற்கும் அதே டிஸ்டெம்பர் நோய்தான்.